காரில் பழுதான ஸ்பீக்கரை மாற்றுதலும் பாஸ் ஒலியைச் சீராக்குதலும்

காரின் கதவிலோ பின்பலகையிலோ பொருத்தியிருக்கும் ஸ்பீக்கர் எரிந்துபோனால் அல்லது கிழிந்துபோனால், அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது கடினமான வேலை அல்ல. இரண்டு மூன்று கருவிகளும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஆனால் பழையது ஏன் பழுதானது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், அதுவும் அதே வழியில் போக வாய்ப்பு உண்டு.

கார் ஸ்பீக்கர்கள் பல வேளைகளில் ஒரே வரிசையில்தான் பழுதாகின்றன. முதலில் பாஸ் எனப்படும் தாழ்சுர ஒலி போதவில்லை என்று தோன்றுகிறது. உடனே பாஸையும் ஒலியளவையும் கூட்டுகிறோம். ஒலி கரகரக்கிறது. பிறகு ஒரு நாள் ஸ்பீக்கர் நின்றுவிடுகிறது. முதற்படியிலேயே பிழை இருக்கிறது. பாஸ் குறைவதற்குப் பெரும்பாலும் சக்திக் குறைவு காரணமல்ல. ஸ்பீக்கர் தள்ளிய காற்று கதவிலுள்ள ஓட்டைகள் வழியாகக் கசிவதும், கம்பி இணைப்பு மாறியிருப்பதுமே காரணங்கள். இவற்றைச் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு.

ஏற்காடு போன்ற மலையூரில் கார் வைத்திருப்போருக்கு இது கூடுதலாகப் பயன்படும். ஒண்டிக்கடைப் பகுதியில் குடியிருப்பவர் நல்ல உதிரிப்பாகம் தேடிச் சுமார் 30 கி.மீ. கீழே சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். மூடுபனியும் மழையும் ஸ்பீக்கரின் ஆயுளைக் குறைக்கின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில், எதிரே வரும் வண்டியின் ஹாரன் காதில் விழுவது உயிரோடு தொடர்புடைய செய்தி.

ஸ்பீக்கர் வேலை செய்யும் முறை

காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அக்கம்பி மீது விசை செயல்படும். பள்ளி அறிவியலில் ஃபிளெமிங்கின் இடக்கை விதி என்று படிப்பது இதைத்தான். ஸ்பீக்கரின் பின்புறம் வளைய வடிவக் காந்தம் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில், காயில் என்று கடைக்காரர்கள் சொல்லும் கம்பிச் சுருள் தொங்குகிறது. பாட்டுக்குரிய மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது காயில் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டியுள்ள கூம்பு, அதாவது கோன், காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியை உண்டாக்குகிறது.

கோனின் வெளி விளிம்பை ரப்பர் அல்லது நுரை வளையம் தாங்குகிறது. உள்ளே காயிலை நடுவில் நிறுத்துவது ஸ்பைடர் எனப்படும் மடிப்புத் துணி. காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. காயில் சற்றே உருமாறினாலும் உரசல் ஒலி வருவது இதனால்தான்.

அசையும் சுருளைக் கொண்டு ஒலிபெருக்கி செய்யும் முயற்சியில் 1915இல் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் அமெரிக்காவில் வெற்றி கண்டனர். இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் அமைத்தவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர். அவர்களுடைய ஆய்வுரை 1925இல் வெளிவந்தது. பேசும் படங்கள் பரவியபோது இவ்வகை ஸ்பீக்கர்கள் திரையரங்குகளுக்குள் நுழைந்தன. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு அந்தக் காலத்தின் அடையாளம். டி. ஆர். சுந்தரம் அந்நிறுவனத்தை 1935இல் தொடங்கினார்.

பாஸ் ஒலி ஏன் கடினமானது

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். தவிலின் தொப்பிப் பக்கம், பறை, பாஸ் கிட்டார் ஆகியவற்றின் கனத்த ஒலி பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. காரில் பாஸ் என்று நாம் உணர்வது ஏறக்குறைய 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி.

இதை உண்டாக்க அதிகக் காற்றை நகர்த்த வேண்டும். ஒரே அளவு உரப்போடு கேட்க, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. அசையும் கோன், 40 ஹெர்ட்ஸில் அதே உரப்பைத் தர 4 மி.மீ. அசைய வேண்டும். கதவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கருக்கு இது எல்லை மீறிய வேலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோன் முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் ஒலி அழிந்துவிடும். கீச்சொலியின் அலைநீளம் மிகச் சிறியது. 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 3.4 செ.மீ. மட்டுமே. ஆகவே அது நேராக முன்னோக்கிச் சென்றுவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 7 மீட்டர். அது ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றிப் பின்னால் சென்று கரைந்துவிடும்.

மாணவர்கள் இதை எளிதாகச் சோதிக்கலாம். பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் குறைந்த ஒலியளவில் பாடலை ஓடவிடுங்கள். ஒலி தகர டப்பா போல மெலிந்திருக்கும். ஓர் அட்டைப் பெட்டியில் அதன் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் இடைவெளியின்றி அழுத்திப் பிடியுங்கள். அதே சக்தியில் பாஸ் எழும். அட்டை, முன் அலையையும் பின் அலையையும் பிரித்துவிட்டது; மாற்றம் அவ்வளவுதான். காரில் அந்த அட்டைப் பெட்டியின் வேலையைக் கதவு செய்கிறது. கதவில் ஓட்டைகள் இருந்தால் பெட்டியில் ஓட்டை இருப்பது போலத்தான்.

ஸ்பீக்கர் பழுதாவதற்கான காரணங்கள்

முதற்காரணம் வெப்பம். ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் × 4 என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் உள்ள சிறு பெருக்கி, அதாவது ஆம்ப், இதற்கு மேல் உச்சத்தைத் தர முடியாது. சீரான அலைக்கு இதன் பயனுறு மதிப்பு 14.4 ÷ 1.414 = 10.2 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் கிடைக்கும் சக்தி 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். உள் இழப்புகளைக் கழித்தால் தெளிவான ஒலியாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வருகிறது? ஒலியளவை எல்லைக்கு மேல் கூட்டினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுர வடிவமாகிவிடும். சதுர அலைக்கு 14.4 × 14.4 ÷ 4 = சுமார் 52 வாட். ஆக, அச்சிட்ட எண் கரகரத்த ஒலியின் சக்தி. இந்த நிலையில் காயிலில் சேரும் வெப்பம் இரு மடங்காகிறது. காயிலின் மேற்பூச்சு கருகி, சுற்றுகள் அவிழ்ந்து, முடிவில் அறுகிறது. சிறிய ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை எரிக்காது என்ற நம்பிக்கை தவறாகும் இடம் இதுதான்.

பாஸ் குமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 3 டெசிபல் கூட்டினால் சக்தி இரு மடங்கு வேண்டும். 10 டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு. 2 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரின் பாஸை 10 டெசிபல் ஏற்றினால் அப்பகுதிக்கு 20 வாட் தேவை. ஸ்டீரியோவின் முழுச் சக்தியும் அங்கேயே தீர்ந்துவிட்டது.

இரண்டாவது காரணம் அளவு மீறிய அசைவு. மிகத் தாழ்ந்த ஒலி வரும்போது கோன் தன் எல்லையைத் தாண்டிப் பாய்கிறது. காயில் பின்தகட்டில் மோதிச் சப்பையாகலாம், ஸ்பைடர் தளரலாம், விளிம்பு கிழியலாம்.

மூன்றாவது காரணம் ஈரம். மழைநீர் கண்ணாடி ஓரம் வழியாகக் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கார்க் கதவுகள் அமைக்கப்பட்டுள்ளன. அதாவது ஸ்பீக்கரின் பின்புறம் எப்போதும் நனையும் இடத்தில் இருக்கிறது. காகிதக் கோன் ஈரத்தில் ஊறி உறுதி இழக்கும். நுரை விளிம்பு சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பும் பாலிபுரொப்பிலீன் கோனும் நெடுநாள் தாங்கும்.

மலைப்பாதை காதுக்குச் செய்யும் மாற்றம்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். ஒரு மணி நேரப் பயணத்தில் கார் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதனால் ஸ்பீக்கரின் ஒலி ஒரு டெசிபல் அளவுக்கே குறையும். காதுக்கு அது தெரியாது.

ஆனால் காது அடைக்கிறது. செவிப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் மாறுபடும்போது செவிப்பறை இறுகுகிறது. அப்போது முதலில் குறைவது தாழ்ந்த ஒலிகளே. ஓட்டுபவருக்குப் பாஸ் மங்கிவிட்டதாகத் தோன்றும். கூடவே, ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் உறுமும் என்ஜினின் ஒலியும் சக்கர ஒலியும் பாஸை மறைக்கின்றன. ஆகவே கை தானாக ஒலியளவைக் கூட்டும். மேலே வந்து எச்சில் விழுங்கியதும் காது திறக்கும். அதற்குள் ஸ்பீக்கர் வெகுநேரம் வெட்டுப்பட்ட அலையில் ஓடியிருக்கும்.

எனவே காரின் ஒலி சரியாக இருக்கிறதா என்று மலையேறும்போது முடிவு செய்யக் கூடாது. வண்டியை நிறுத்தி, ஓரிரு முறை விழுங்கிக் காதைத் திறந்து, நன்கு பழகிய ஒரு பாடலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழுதைக் கண்டறிதல்

எல்லாக் கோளாறும் ஸ்பீக்கரின் கோளாறு அல்ல. கதவு திறந்து மூடும் இடத்தில் வளையும் கம்பி அறுந்திருக்கலாம். இணைப்புக் கப்ளரில் துரு ஏறியிருக்கலாம். வாங்கும் முன் கீழ்க்காணும் வரிசையில் சோதிக்க வேண்டும்.

1. ஸ்டீரியோவில் இடம்–வலம், முன்–பின் சமநிலையை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, எந்த ஸ்பீக்கரில் கோளாறு என்று கண்டுபிடிக்கவும்.

2. கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் கம்பியைச் சந்தேகிக்கவும்.

3. ஸ்பீக்கரைக் கழற்றியபின் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளிலும் தொடவும். 4 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் 3 முதல் 4 வரை காட்டும். எதுவும் காட்டாமல் திறந்த சுற்று என்று காட்டினால் காயில் அறுந்துவிட்டது. மிகக் குறைவாகக் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம்.

4. மல்ட்டிமீட்டர் இல்லாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும். செல்லின் முனைகளிலிருந்து வரும் கம்பிகளை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் டப் என்ற ஒலியோடு கோன் அசைய வேண்டும். இச்சோதனையை ஸ்டீரியோவிலிருந்து முழுவதும் பிரித்த ஸ்பீக்கரில் மட்டுமே செய்ய வேண்டும்.

5. விரல்களைக் கோனில் சுற்றிலும் சமமாக வைத்து மெல்ல அழுத்தவும். மணல் உரசுவது போலச் சத்தம் வந்தால் காயில் உருமாறிவிட்டது. காந்தத்தின் பக்கம் கருகிய மணம் வந்தாலும் அதே பொருள்.

மேடை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படும் 12, 15 அங்குல ஸ்பீக்கர்களுக்குக் கோனும் காயிலும் மாற்றித் தரும் கடைகள் நகரங்களில் உண்டு. கார்க் கதவின் சிறிய ஸ்பீக்கருக்கு அந்தக் கூலி பெரும்பாலும் கட்டுப்படியாகாது. புதியது வாங்குவதே சிக்கனம்.

புதிய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தல்

விட்டமும் ஆழமும்: முன்கதவில் பல கார்களுக்கு 6½ அங்குலம், சிலவற்றுக்கு 5¼ அல்லது 4 அங்குலம். பின்பலகையில் 6 × 9 அங்குல முட்டை வடிவம் பொருந்தலாம். விட்டத்தைவிடப் பலர் கவனிக்கத் தவறுவது ஆழம். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, அதற்கும் ஸ்பீக்கர் பொருந்தும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். காந்தம் கண்ணாடியில் இடித்தால் ஒரு நாள் கண்ணாடி உடையும்.

தாங்கும் சக்தி: பெட்டியில் பெரிதாக அச்சிட்ட உச்ச வாட் எண்ணைப் பார்க்க வேண்டாம். தொடர்ச்சியாகத் தாங்கும் ஆர்.எம்.எஸ். எண்ணையே பார்க்கவும்.

உணர்திறன்: 1 வாட் சக்தியில் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்பதே உணர்திறன். ஸ்டீரியோவின் சொந்தச் சக்தியில் ஓடும் காருக்கு இதுவே முதன்மையான எண். 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் ஒலியை, 87 டெசிபல் ஸ்பீக்கர் தர 40 வாட் வேண்டும். சில நிறுவனங்கள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று குறிப்பிடுகின்றன. 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட் ஆகும். ஒப்பிடும்போது அதில் 3 டெசிபலைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மின்தடை: பழையது 4 ஓம் என்றால் புதியதும் 4 ஓம். ஒரே இணைப்பில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் ஆகி, ஸ்டீரியோ சூடேறிக் கெடும்.

பொருள்: மழையும் பனியும் உள்ள ஊருக்கு ரப்பர் விளிம்பும் பாலிபுரொப்பிலீன் கோனும் ஏற்றவை.

ஒரு பக்கம் மட்டும் பழுதானாலும் இடம், வலம் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் இரு பக்க ஒலியும் ஒத்துப்போகாது.

கழற்றி மாட்டும் முறை

முதலில் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றவும். கதவின் உட்புற அட்டையை மெக்கானிக்குகள் டோர் பேட் என்பர். கைப்பிடிக் குழியிலும் திறப்பானின் பின்புறத்திலும் மூடியிட்டு மறைத்த திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றியபின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் வண்ணம் உரியும். ஓரிரு கிளிப்புகள் உடைவது இயல்பு. முன்கூட்டியே சில வாங்கி வைத்துக்கொள்ளலாம். டோர் பேடைத் திடீரென இழுக்கக் கூடாது. பின்னால் கண்ணாடி சுவிட்சின் கம்பிகள் தொங்கும். சில புதிய கார்களின் கதவுக்குள் விபத்தை உணரும் உணரிகள் உண்டு. அவற்றின் கம்பிகளைத் தொட வேண்டாம்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அது தேவையற்ற உறை என்று கிழித்தெறிபவர்கள் உண்டு. கதவுக்குள் இறங்கும் நீர் டோர் பேடுக்கும் காரின் தரைக்கும் வராமல் தடுப்பது அதுதான். கவனமாக உரித்து, வேலை முடிந்ததும் மீண்டும் ஒட்ட வேண்டும்.

பழைய ஸ்பீக்கர் திருகாலோ ரிவெட்டாலோ பொருத்தப்பட்டிருக்கும். ரிவெட்டாக இருந்தால் துளைப்பானால் தலையை மட்டும் எடுக்கவும். உலோகத் துகள்களைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய ஸ்பீக்கரின் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும்.

காரின் அசல் கம்பியை வெட்ட வேண்டாம். அந்தந்த மாடலுக்குரிய மாற்றுக் கப்ளர் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் உத்தரவாதச் சிக்கலும் வராது. பிற்பாடு பழையதை மாட்டவும் முடியும்.

அதிகச் செலவின்றிப் பாஸை மீட்டல்

ஸ்பீக்கரை மாட்டும் அதே நேரத்தில் பின்வரும் நான்கையும் செய்துவிட வேண்டும். கதவு ஏற்கெனவே திறந்திருப்பதால் கூடுதல் உழைப்பு அதிகமில்லை.

ஓரக் கசிவை அடைத்தல்: ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையே நுரை ரப்பர் வளையம் வைத்து, எல்லாத் திருகுகளையும் சமமாக இறுக்கவும். ஸ்பீக்கர் நேராகப் பொருந்தாவிட்டால் இடையில் வைக்கும் வளையம் நீரில் ஊறாத பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

கதவின் ஓட்டைகளை மூடுதல்: உட்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய திறப்புகள் இருக்கும். பியூட்டைல் டேம்பிங் ஷீட்டால் அவற்றை மூடலாம். எதிரே வெளித் தகட்டிலும் ஒரு துண்டு ஒட்டினால் தகடு அதிராது. கதவின் அடியிலுள்ள நீர்த் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது. நீர் தேங்கினால் கதவே துருப்பிடிக்கும்.

இணைப்புத் திசையைச் சரிபார்த்தல்: இடது ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது வலது ஸ்பீக்கரும் தள்ள வேண்டும். ஒன்றில் நேர், எதிர் முனைகள் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்; பாஸ் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். இரண்டும் புதியவை, இரண்டும் பாடுகின்றன, ஆனாலும் பாஸ் இல்லை என்றால் முதலில் இதைப் பார்க்கவும். பேட்டரி செல்லின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் தொட்டால் கோன் வெளிநோக்கி அசைய வேண்டும். ஓடும் நிலையில் சோதிக்க, ஒரு பக்கக் கம்பிகளை மட்டும் மாற்றிப் பொருத்திக் கேட்கவும். எந்த இணைப்பில் பாஸ் கனக்கிறதோ அதுவே சரி.

தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டுதல்: பெரும்பாலான ஸ்டீரியோக்களின் ஒலி அமைப்புகளில் எச்.பி.எஃப். என்ற பகுதி இருக்கும். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியை அது தடுக்கும். கதவு ஸ்பீக்கருக்கு 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஓர் எல்லை வைத்தால், அது தர முடியாத ஒலிக்காக வீணே துள்ளாது. பாஸைக் குறைப்பது போலத் தோன்றும் இந்தச் செயல் உண்மையில் ஒலியைத் தெளிவாக்கி ஸ்பீக்கரின் ஆயுளையும் நீட்டிக்கிறது.

இவற்றைச் செய்து இரண்டு நாள் கேட்ட பிறகே அடுத்த செலவைப் பற்றி யோசிக்கலாம். பலருக்கு அந்தச் செலவு தேவைப்படாது.

சப்வூஃபர் தேவைப்படுவோருக்கு

60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உடலில் அதிரும் பாஸ் வேண்டுமென்றால் தனி சப்வூஃபர்தான் வழி. 6½ அங்குல ஸ்பீக்கரின் பயனுறு பரப்பு சுமார் 135 சதுர செ.மீ.; 10 அங்குல சப்வூஃபருக்குச் சுமார் 340 சதுர செ.மீ. அசையும் தூரமும் அதிகம். காரின் உட்புறமும் உதவுகிறது. உள்நீளத்தைவிட அரை அலைநீளம் பெரிதாகும் அதிர்வெண்களில், அதாவது சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மூடிய காருக்குள் அழுத்தம் தானாகவே கூடும். வீட்டைவிடக் காரில் குறைந்த சக்தியில் பாஸ் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

மூடிய பெட்டி, துளையுள்ள பெட்டி என இரு வகைகள் உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் மூடிய பெட்டியை எட்கர் வில்சூர் 1954இல் அறிமுகப்படுத்தினார். துளையுள்ள பெட்டியைக் கணக்கிட்டு அமைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வெளியிட்டார். முதன்முறை செய்பவருக்கு மூடிய பெட்டியே ஏற்றது. அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

10 அங்குல சப்வூஃபருக்கு மூடிய பெட்டி பொதுவாக 20 முதல் 30 லிட்டர் வரை. சரியான எண் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். உள்ளளவு 40 × 30 × 22 செ.மீ. என்றால் 26,400 கன செ.மீ., அதாவது 26.4 லிட்டர். இதிலிருந்து ஸ்பீக்கர் அடைக்கும் கொள்ளளவைக் கழிக்க வேண்டும். 18 மி.மீ. பலகையால் செய்து, உள் மூலைகளில் பசையிட்டுக் காற்றுப் புகாமல் அடைக்கவும். டிக்கியில் இடமில்லாவிட்டால் ஆம்புடன் சேர்ந்து வரும், இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறிய சப்வூஃபரைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் ஆபத்து உள்ள பகுதி மின்கம்பி. 300 வாட் ஆம்ப், 80 விழுக்காடு திறன் என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 375 வாட் இழுக்கும். 13.5 வோல்ட்டில் அது சுமார் 28 ஆம்பியர். இதற்கு 8 முதல் 10 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் 30 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் அருகில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், வழியில் கம்பி உரசித் தகட்டைத் தொடும்போது அது காப்பாற்றாது, கம்பியே தீப்பற்றும். தகட்டைக் கடக்கும் இடங்களில் ரப்பர் வளையம் இடவும். எர்த் கம்பியை வண்ணம் நீக்கிய வெற்று உலோகத்தில் இறுக்கவும். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் வாகன மின்பணியாளரிடம் கொடுப்பதே நல்லது.

ஆம்பில் கெயின் என்ற திருகு ஒலியளவைக் கூட்டுவதற்கானது அல்ல. ஸ்டீரியோவின் வெளியீட்டோடு ஆம்பைப் பொருத்துவதற்கானது. பாஸ் அளவைப் பூச்சியத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் பங்கு ஒலியளவில் ஓடவிட்டு, கெயினை மெல்லக் கூட்டவும். கரகரப்பு தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்தவும். சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும், கதவு ஸ்பீக்கர்களை அதற்கு மேலும் ஓடவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இடறாது.

காதும் சாலையும்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் 5 மணி நேரமே. செவியின் உட்புற மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்பீக்கருக்கு மாற்று உண்டு, இவற்றுக்கு இல்லை.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என அவை வரையறுக்கின்றன. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆகலாம். அங்கு எல்லை 50, 40 டெசிபல். ஏற்காடு உறைவிடப் பள்ளிகள் உள்ள ஊர். கோடை விழாவுக்கு மே மாதம் வண்டிகள் குவியும்போது, ஒரு காரின் பாஸ் எத்தனை சுவர்களைக் கடக்கிறது என்பதை உள்ளே இருப்பவர் உணர்வதில்லை. நீண்ட அலைகளைச் சுவர் எளிதில் தடுக்காது.

ஓட்டுநருக்கு இன்னொரு செய்தி. தாழ்ந்த ஒலி உரக்க இருந்தால், அது தன்னைவிட உயர்ந்த ஒலிகளையும் காதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆகவே மிகையான பாஸ், வளைவுக்கு அப்பால் அடிக்கும் ஹாரனை விழுங்கிவிடும். மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாத வண்டியை முதலில் அறிவிப்பது அதன் ஒலிதான்.

கசிவு அடைத்து, திசை சரிபார்த்து, வடிகட்டியும் வைத்த காரில் குறைந்த ஒலியளவிலேயே பாஸ் நிறைவாகக் கேட்கும். எல்லா வேலையும் முடிந்தபின் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி, வழக்கமான ஒலியளவில் பாடலை ஓடவிட்டு, இன்னொருவரைச் சற்றுத் தொலைவில் வேறொரு வண்டியின் ஹாரனை ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள். பாடலுக்கு நடுவே அது தெளிவாகக் கேட்டால் அளவு சரி. கேட்காவிட்டால் அது கேட்கும் வரை ஒலியளவைக் குறைத்து, அந்த எண்ணை மலைப்பாதைக்கான உச்ச அளவாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.